என் வீட்டுக்காரர் எத்தனை பேர்?

இங்கிலீஷ் படிக்கப் போகிற பெண்களை எல்லாரும் ஸ்பெல்லிங்கைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். புருஷனைப் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ஸ்பெல்லிங் தப்பினால் ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். புருஷன் தப்பினால் என்ன ஆகும் என்பதைச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிரின்சிபலின் அறையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நாங்கள் தாராவியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். கீழே தோல் பை தைக்கிற பட்டறை. என் வீட்டுக்காரருக்கு அதில்தான் தோல் வெட்டுகிற வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்குப் பிளஸ் டூ வரை படித்த தமிழும், காய்கறி வாங்கும் அளவுக்கு ஹிந்தியும் கைவசம் இருந்தன. (என் ஹிந்தியைக் கேட்டுப் பாவப்பட்டே காய்கறிக்காரர் கூடக் கொஞ்சம் கொத்தமல்லி போடுவார்.) மகள் சுகன்யாவுக்கு நாலு வயது. அவளைச் செம்பூரில் ஒரு கான்வென்ட்டில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஆசை. அங்கே பிள்ளையைவிட அம்மாவைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள், அதுவும் இங்கிலீஷில்தான் கேட்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மூன்று பாஷை பேச வரும். எழுதப் படிக்க ஒன்றும் வராது. "நீதான பன்னெண்டு வரைக்கும் படிச்சிருக்க. நீ போய் இங்கிலீஷ் படி. சாயங்காலம் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அப்படித்தான் நான் மறுபடியும் மாணவி ஆனேன்.

வகுப்பு நைன்ட்டி ஃபீட் ரோட்டில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் நடந்தது. கற்றுக்கொடுத்தவர் ஃபர்ஹானா மிஸ். அவரே அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லாரையும்விடச் சின்னவர். நாங்கள் அவரை 'மிஸ்' என்போம், அவர் எங்களை 'தீதி', அதாவது அக்கா, என்பார். கீழே மில் ஓடும்போது எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கத்தலாகவே மனதில் பதிந்தது.

முதலில் நவுன். ஆள், இடம், பொருள் எதன் பெயராக இருந்தாலும் நவுன். இடத்துக்கு மாட்டுங்கா என்றேன். பொருளுக்குச் சல்லடை என்றேன். அடுத்தது ஆள். "உங்க ஹஸ்பண்ட் பேரைச் சொல்லுங்க, தீதி" என்றார் மிஸ்.

எங்கள் ஊரில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்கிற தைரியம் எனக்கும் வந்ததில்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டிவிடுவேன். ஆஸ்பத்திரியில் அவரையே சொல்லச் சொல்வேன். மிஸ் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, மறந்துவிட்டதா என்று கவலையோடு கேட்டார். கடைசியில் எங்கள் சந்திலேயே குடியிருந்த புஷ்பம்தான் என் சார்பில், "சுடலைமுத்து, மிஸ்" என்று கத்தினாள். என்னைத் தவிரத் தாராவியில் எல்லாருக்கும் அந்தப் பெயரைச் சொல்லும் உரிமை இருந்தது.

அடுத்த பாடம் புரோநவுன். பெயரைச் சொல்லாமல் அதற்குப் பதிலாகச் சொல்லும் சொல் என்று மிஸ் விளக்கினதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அட, இதைத்தானே எங்கள் ஊர்ப் பெண்கள் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் ஆணுக்கு 'ஹீ' என்று அவர் போர்டில் எழுதியதும் சந்தேகம் வந்துவிட்டது. 'ஹீ' என்றால் 'அவன்'தானே என்று கேட்டேன். அவனுக்கும் அதுதான், அவருக்கும் அதுதான் என்றார். திருடனுக்கு? அதேதான். போலீஸுக்கு? அதேதான். சாமிக்கு? சாமிக்கும் அதேதான். மரியாதைக்கு ஒரு சொல்கூட இல்லாமல் இத்தனை வருஷம் இந்தப் பாஷை எப்படிக் குடும்பம் நடத்தியது என்று எனக்குப் பரிதாபமாகிவிட்டது.

அப்போதுதான் கீழ் வரிசையில் 'தே' இருப்பதைப் பார்த்தேன். 'அவர்கள்'. எங்கள் பக்கத்தில் புருஷனை 'அவிய' என்றுதான் சொல்வோம். 'அவிய வந்தாவ, அவிய சாப்பிட்டாவ' என்போம். ஆள் ஒருத்தர்தான், மரியாதைக்காகப் பலபேர் ஆகிறார். அப்படியானால் என் வீட்டுக்காரருக்கு 'தே' என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மிஸ்ஸிடம் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பரீட்சையாவது என்னைக் காப்பாற்றியிருக்கலாம். அண்டர்லைன், மேட்ச் த ஃபாலோயிங், ஃபில் இன் த பிளாங்க்ஸ் என்று பரீட்சைத் தாளில் வரும் வார்த்தைகளை எல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது ஸ்லோகம் மாதிரி சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தேன். தாளைத் திறந்தால் எல்லா வாக்கியமும் ரமேஷ் என்ற ஒரு பையனைப் பற்றியே இருந்தது. ரமேஷ் பந்து விளையாடுகிறான், ரமேஷ் பால் குடிக்கிறான். அவனுக்கு என்னிடம் ஒரு மரியாதையும் பாக்கியில்லை என்பதால் எல்லாக் கோட்டிலும் கூசாமல் 'ஹீ' போட்டேன். முழு மார்க். மிஸ் தாளில் ஒரு நட்சத்திரம் வரைந்து கொடுத்தார். இனி எந்தப் பிரின்சிபல் வந்தாலும் ஒரு கை பார்க்கலாம் என்ற திமிரோடுதான் நான் செம்பூர் பஸ்ஸில் ஏறினேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையோடு ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம் என்றார் பியூன். என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

பிரின்சிபல் வயதான சிஸ்டர். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் எதிர்பார்த்து வந்த கேள்விதான்.

"ஐ, மை டாட்டர் அண்ட் தே" என்றேன்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். 'தே' என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். "தே கட் லெதர்" என்றேன். வீட்டில் எத்தனை அறை என்றார். ஒரே அறை. எல்லாரும் அங்கேதானா? அங்கேதான். "தே கம் லேட். தே ஸ்லீப் நியர் த டோர்" என்று கூடுதல் விவரமும் கொடுத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்கிறார் என்று நினைத்து, "த்ரீ" என்றேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வேர் இஸ் த ஃபாதர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கான்வென்ட்டில் கேட்கிற ஃபாதர் யாராக இருக்க முடியும்? சர்ச்சில் பூசை வைக்கிற ஃபாதர்தானே. "நோ ஃபாதர், சிஸ்டர். வீ ஆர் ஹிண்டூஸ்" என்றேன்.

அவர் அதற்குமேல் என்னை நம்பவில்லை. சுகன்யா பக்கம் திரும்பி, வீட்டில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஹிந்தியில் கேட்டார். பட்டறையில் வேலை செய்கிற அத்தனை பேரும் சுகன்யாவுக்கு மாமாதான். மிச்சத் தோல் துண்டில் பொம்மை செய்து கொடுப்பார்கள். அவள் கையை அகல விரித்து, நிறைய மாமா இருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

சிஸ்டரின் குரல் திடீரென்று அவ்வளவு கனிவாக மாறியதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. மேஜைமேல் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஏதாவது கஷ்டம் இருந்தால் தைரியமாகத் தன்னிடம் சொல்லலாம் என்றார் ஹிந்தியில். அந்த ஆட்கள் யார், ஒவ்வொருத்தர் பெயராகச் சொல் என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. என் ஒற்றை அறையில், என் பிள்ளையோடு, எனக்கு யாரென்று சொல்ல முடியாத ஒரு கூட்டம் ஆண்களை நானே இங்கிலீஷில் குடிவைத்திருந்தேன். அதை விளக்க ஹிந்தியும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. தமிழ்கூட வரவில்லை. புஷ்பமும் பக்கத்தில் இல்லை. சுகன்யாவிடம், அப்பா பெயரைச் சொல்லும்மா என்று கிசுகிசுத்தேன். "அப்பா" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"சுடலைமுத்து."

வகுப்புப் பழக்கத்தில் அது மாவு மில்லைத் தாண்டிக் கேட்கிற மாதிரி வந்து விழுந்தது. உடனே கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டையைப் பின்னாலிருந்து பியூன் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, கூப்ட்டியா?"

அவரைக் கையால் காட்டி, சிஸ்டரிடம் "தே" என்றேன்.

சிஸ்டர் அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றும் எட்டிப் பார்த்தார். பிறகு சிஸ்டர் சிரிக்க ஆரம்பித்ததும் என்னால் தாங்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஹிந்தியில் பேசித்தான் நிலைமையைச் சரிசெய்தார். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவர் ஒருத்தர்தான், அதனால் 'ஹீ' என்றுதான் சொல்ல வேண்டும், எங்கே சொல் பார்க்கலாம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன சொல்லச் சொல்கிறார்கள் என்று இவர் கேட்டார். உங்களை 'அவன்' என்று சொல்லச் சொல்கிறார்கள் என்றேன்.

"சொல்லிட்டுப் போயேன். அவன்னு சொன்னா நான் என்ன தேஞ்சா போவேன்?"

"ஹீ இஸ் மை ஹஸ்பண்ட்" என்றேன். சிஸ்டர் கைதட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுகன்யா தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சுனாபட்டி தாண்டியதும் இவர், "அந்தப் பேரச் சொன்னது நீதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோபப்படுவாரோ என்று பார்த்தேன். வெளியே பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்தக் கான்வென்ட்டில் சுகன்யாவுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் அழுதேன். பிறகு சயானில் ஒரு பள்ளியில் என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். (கேட்காததால்தான் சேர்த்தார்கள் என்பது புஷ்பத்தின் கருத்து.) சுகன்யா இப்போது மாட்டுங்காவில் காலேஜில் படிக்கிறாள். அவளுக்கு அப்பா 'தே'தான். ஃபோனில் "தே வந்தாச்சா? தே மருந்து சாப்ட்டாச்சா?" என்றுதான் கேட்பாள். போன வருஷம் ஒருநாள், இங்கிலீஷில் இப்போது ஒரே ஆளையும் 'தே' என்று சொல்லலாம், காலேஜிலேயே அப்படி எழுதுகிறோம் என்று வந்து சொன்னாள். "நீ சொன்னது தப்பில்லம்மா, கொஞ்சம் சீக்கிரம் சொல்லிட்ட." அந்தச் சிஸ்டரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வீட்டில் நான் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்வதில்லை. பழக்கம் போகவில்லை. ஆனால் தாதர் ஸ்டேஷனில், மேம்பாலத்துக் கூட்டத்தில் அவர் முன்னால் போய்விட்டால் 'என்னங்க' என்று கூப்பிட்டுப் பயனில்லை. சம்பந்தமில்லாத நாலு தமிழ் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே மட்டும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். முதல் தடவை கூப்பிட்டதும் நின்றுவிடுவார், திரும்ப மாட்டார். அவருக்குக் காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நிற்கிறார் போலிருக்கிறது. நானும் கூப்பிடுகிறேன்.