நூற்றுப் பன்னிரண்டு ‘வாரேன்’

தலைப்புகளை மட்டும் எடுத்து ஒட்டச் சொல்லியிருந்தார்கள். துரைப்பாண்டி எல்லாவற்றையும் எடுத்து ஒட்டிவிட்டார்.

சங்கரன்கோவிலில் பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்தவர்கள், வருஷா வருஷம் ஆடி இரண்டாம் ஞாயிறு ஒரு மண்டபத்தில் கூடுவது வழக்கம். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். வாட்ஸப்பில் காலை வணக்கங்களுக்கு நடுவே விஷயம் தொலைந்துபோகிறது என்று, பெங்களூரிலிருக்கும் கிங்ஸ்லி தனியாக ஒரு ஃபோரம் அமைத்துக் கொடுத்திருந்தான். எந்த மண்டபம், என்ன சாப்பாடு, யார் யார் வருகிறார்கள், எல்லாம் அந்த இணையப் பக்கத்தில்தான் பேசி முடிவாகும்.

போன வருஷம் துரைப்பாண்டியால் போக முடியவில்லை. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து திருநெல்வேலியில் படுத்திருந்தார். படுத்தபடியே ஃபோரத்தில் வந்த நன்றிகளைப் படித்தார். ‘என்ன ஒரு விழா’, ‘கண் கலங்கிவிட்டது’. கூடவே ஒரு படம்; செயலாளர் ராஜதுரை ஊதாச் சட்டையில் நாலு பேர் தோளில் கைபோட்டு நின்றார். அதற்கு முந்தின வருஷப் படத்திலும் அதே ஊதாச் சட்டைதான். அந்தச் சட்டைக்குக் கொடுத்துவைத்ததுகூடத் தனக்கு இல்லையே என்று துரைப்பாண்டிக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. வராதவன் என்று தெரிய வேண்டாமென்று அவரும் ‘மறக்க முடியாத நாள்’ என்று ஒரு வரி போட்டுவைத்தார்.

இந்த வருஷம் எப்படியும் எல்லோரையும் பார்த்துவிட வேண்டும். அந்த ஆசையில்தான் ராஜதுரை செயலாளர் பதவியை நீட்டியதும் வாங்கிக்கொண்டார்.

“பழசை ஆர்க்கைவ்ல தள்ளிட்டு, தலைப்பை மட்டும் காப்பி எடுத்துப் போடுலே. தேதியை மாத்துனா முடிஞ்சுது,” என்றான் கிங்ஸ்லி போனில்.

மறுநாள் பார்த்தால், போன வருஷப் பதில்களும் கூடவே வந்து, நூற்றுப் பன்னிரண்டு பேர் ‘கண்டிப்பா வாரேன்’ என்று சொல்லியிருந்தார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

முதல் போன் வேல்ராஜிடமிருந்து வந்தது. “பாயசம் வேண்டாம்னு எவனோ எழுதியிருக்கான்வே. யாரு அவன்?”

“நீருதான்வே. போன வருஷம் எழுதுனது.”

“அப்பம் எனக்கு சுகர் இருந்துச்சு.”

“இப்பம்?”

“இப்பமும் இருக்கு. ஆனா மனசு மாறிட்டு.”

இது சரிப்படாது என்று துரைப்பாண்டி பதில்களையெல்லாம் அழித்தார். அரை மணி நேரத்தில் சாம்ராஜ் கூப்பிட்டார்.

“நான் வாரேன்னு சொன்னதை எதுக்குவே அழிச்சீரு?”

“இந்த வருஷம் நீரு இன்னும் சொல்லவே இல்லையேவே.”

“சொல்லலைதான். சொன்ன மாதிரி இருந்துச்சுல்லா?”

மூன்று பேர் விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். துரைப்பாண்டி அலுத்துப்போய், ஆர்க்கைவிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார். வந்த ஒவ்வொரு வரியும் ஒவ்வொருவர் போனிலும் மணி அடித்தது. ராஜதுரை போன வருஷம் எழுதிய ‘அதே மண்டபம், சொல்லியாச்சு’, ‘சமையலுக்கு ஆள் பேசியாச்சு’ என்பவையும் புதிதாகப் போய்ச் சேர்ந்தன. கடைசியில், விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே, ‘கண் கலங்கிவிட்டது’.

விழாவுக்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், மண்டபப் பொறுப்பிலிருந்த வேல்ராஜுக்குப் போன் போட்டார். “சாவி யாருட்டவே இருக்கு?”

“என்ட்ட எதுக்குவே கேக்கீரு? சொல்லியாச்சுன்னு நீருதான போட்டீரு.”

சமையல் பொறுப்பு சாம்ராஜுக்கு. அவரும் அதையே சொன்னார். ஊரிலிருந்த சமையல்காரர்கள் எல்லோரும் கோயில் ஆடித்தபசுத் திருவிழா அன்னதானத்துக்குப் போயிருந்தார்கள். மண்டபத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேரும் குடும்பத்தோடு பூட்டிய கேட்டுக்கு வெளியே பசியோடு நிற்கிற காட்சி துரைப்பாண்டியின் கண் முன்னே வந்தது. இனி இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தார்.

அவர் மனைவி இசக்கிச்செல்வி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க. எரநூறாவது வேணும்,” என்றாள்.

ஞாயிறு காலை நாலு அண்டா எலுமிச்சை சாதத்தோடு லோடு ஆட்டோ மண்டப வாசலில் நின்றது. கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து வாட்ச்மேன் மகாராஜன் எழுந்து வந்தார்.

“சொல்லாம வந்துட்டோம்...” என்று துரைப்பாண்டி ஆரம்பித்தார்.

“ஆடியில யாரு வாரா. தொறந்து விடுதேன், வாங்க அண்ணாச்சி.”

துரைப்பாண்டிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. நாற்காலிகளைத் துடைத்து, வரிசையாகப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. ஃபோரம்தான். ‘என்ன ஒரு விழா’ என்று சாம்ராஜ் போட்டிருந்தார். அடுத்து வேல்ராஜ்: ‘பாயசம் பிரமாதம்’. தேதியைப் பார்த்தார். இன்றைக்குப் போட்டதுதான். அதன் கீழே அந்த ஊதாச் சட்டைப் படம் வந்து விழுந்தது.

மண்டபம் மாறி வந்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

“போன வருஷம் இங்கனதான நடந்துச்சு?”

“இங்கனதான்,” என்றார் மகாராஜன், இலையில் மிச்சமிருந்த சாதத்தை வழித்தபடி. “ராஜதுரை அண்ணாச்சி ஒத்தையில வந்து, ரெண்டு மணி வரைக்கும் இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தாவ. அன்னைக்குப் புளியோதரை.”