தயிர்க்கட்டுக்கு வந்த அனுமதி

ஒரு காட்டில் செங்கமலம் என்ற மானுக்குப் பின்னங்காலில் முள் கிழித்து, புண் சீழ் வைத்துவிட்டது. சீக்கிரம் ஆறாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் மாசிலாமணி என்ற கரடி வைத்தியர். சொன்னதோடு நிற்காமல் மருந்தும் செய்தார். அந்தக் காட்டில் அதுவே பெரிய விஷயம்.

வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, தயிரில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களின் உடம்பில் ஒட்டவைத்து, அவற்றை ஒரு துணியில் குடியேற்றினார். நுண்ணுயிர்கள் புண்ணில் பரவிக் கெட்ட கிருமிகளை வளைத்துக்கொள்ளும். வெள்ளி அவற்றைத் தீர்த்துக்கட்டும். வெள்ளி கூடிப்போனால் நல்லதும் சேர்ந்து செத்துவிடும் என்பதால், ஆறு முறை கெடுத்து ஏழாவது முறை அளவைப் பிடித்தார். தன் கையிலிருந்த புண்ணில் கட்டிப் பார்த்தார். ஆறிவிட்டது.

ஆனால் அனுமதி இல்லாமல் அடுத்தவர் காலில் கட்டக் கூடாது என்பது காட்டுச் சட்டம். இருவரும் அனுமதி அலுவலகத்துக்குப் போய், டோக்கன் எடுத்து, பாதி நாள் வரிசையில் நின்றார்கள்.

கவுண்டரில் கொக்கு இருந்தது. "இது உயிருள்ளதா, உயிரில்லாததா?"

"ரெண்டும்தாங்க. தயிர்ல உள்ளதுக்கு உயிர் இருக்கு, வெள்ளிக்கு இல்ல. சேர்ந்தாத்தான் வேலை செய்யும்" என்றார் கரடி.

"ஒரு கட்டத்துலதான் டிக் அடிக்கணும்."

கரடி 'உயிருள்ளது' என்பதில் டிக் அடித்தார். கொக்கு உடனே இன்னொரு படிவத்தை நீட்டியது. உயிருள்ளவர்கள் எத்தனை பேர் என்று அதில் எழுத வேண்டும்.

"காலையில நாப்பது லட்சம்."

"இப்போ?"

"எம்பது இருக்கும். பெருகிக்கிட்டே இருப்பாங்க."

"மேலதிகாரி எண்ணிப் பார்க்கும்போது மாறியிருந்தா நான்தானே பதில் சொல்லணும்? நிலையான எண்ணிக்கையோட வாங்க."

மறுநாளும் எண்ணிக்கை மாறியிருந்தது. மூன்றாம் நாள் மான் காய்ச்சலில் வரிசையிலேயே படுத்துவிட்டது. "கட்டிவிட்டுடுங்க டாக்டர், வலி தாங்கல" என்று அழுதது. அனுமதி இல்லாமல் கட்டினால் வைத்தியர் உரிமம் போய்விடும். கரடி நல்லவர்தான். ஆனால் உரிமத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

கொக்குக்கும் மனம் இளகியது. அதை மறுக்கக் கூடாது. "ஒரு வழி சொல்றேன். துணியைக் கொதிக்க வெச்சு எடுத்துட்டு வாங்க. எண்ணிக்கை ஏறாது. 'உயிரில்லாதது'ன்னு டிக் அடிச்சா ஒரே முத்திரைதான்."

கரடி கொதிக்க வைத்தார். அரை மணியில் அனுமதி கிடைத்தது. முத்திரை குத்திய துணியை மானின் காலில் கட்டினார். வெந்துபோன நுண்ணுயிர் யாரை வளைக்கும்? இரண்டு நாளில் கால் கறுத்தது. கரடி அழுதுகொண்டே அதை எடுத்தார்.

மான் தட்டுத்தடுமாறி அலுவலகத்துக்கு வந்தது. "நீங்க அனுமதிச்ச மருந்துதானே? என் புண்ணு ஏன் ஆறல?"

கொக்கு மானைச் சுற்றிவந்து பார்த்தது. "புண்ணு எங்கம்மா?"

"காலோட போயிடுச்சு."

"அப்போ புண்ணு இல்ல" என்று கொக்கு கோப்பில் எழுதியது. கீழே, 'மருந்து பலித்தது' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டது. பிறகு ஆறுதலாகச் சொன்னது: "வருத்தப்படாதீங்க. நான் சர்வீஸ் முழுக்க ஒத்தைக் கால்லதான் நிக்கிறேன். உங்களுக்கு மூணு இருக்கு."

நீதி: குணப்படுத்த மருந்துக்கு உயிர் இருக்க வேண்டும்; அனுமதி வாங்க அது செத்திருக்க வேண்டும். இரண்டையும் எதிர்பார்ப்பவர்கள் ஒரு கால் கூடுதலாகப் பிறப்பது நல்லது.