முடிந்தது என்று சொல்லாதவர்

விலங்கியல் நூல்களில் இடம்பெறாத ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். ‘இன்னும் ஒரு கோட்’ தொண்டர் என்பது அதன் பெயர். ஓராண்டு தேசிய சேவைக்கு மனமுவந்து பெயர் கொடுத்து, எளியவர்களுக்குக் குறைந்த விலையில் வீடு கட்டித்தரும் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, மஞ்சள் மேலங்கியும் தலைக்கவசமும் அணிந்து, காலையில் வட்டமாக நின்று உறுதிமொழி எடுத்து, அது சரியாக ஒலிக்கவில்லை என்று மறுபடியும் எடுத்து, அதன்பின் கையில் பிடித்த பெயிண்ட் பிரஷை வெளிச்சம் மங்கும்வரை கீழே வைக்காத பிறவி அது. சோம்பேறியா? அபாண்டம். அதற்கு நிறுத்தத் தெரியாது. அவ்வளவுதான்.

நம் குழுத் தலைவரைக் கவனியுங்கள். தெருக்கோடியில் இருந்த இரண்டு அறை வீடு அவர் பொறுப்பு. அவர் ‘முடிந்தது’ என்றால்தான் வீடு கைமாறும். அவரோ சொல்லவில்லை. சுவர் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கோட் அடித்தார்கள். மங்கல் போனதும் பளபளப்பு கண்ணை உறுத்தியது. இன்னும் ஒரு கோட். புதிதாக வந்து சேர்ந்த தொண்டர்களுக்கும் வேலை தர வேண்டாமா? அவர்களுக்காக ஒன்று. சுவிட்சுகள் மெல்ல மெல்லச் சுவருக்குள் அமிழ்ந்தன. அடுத்த மனையில் அஸ்திவாரம் தோண்டுவதற்குக் கடப்பாரைகள் காத்திருந்ததையும் சொல்லிவிட வேண்டும். அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று தலைவர் மனமார நம்பினார்.

வீட்டுக்குரிய தையற்காரம்மாவோ வாடகை வீட்டை அன்றே காலி செய்தாக வேண்டியவர். கட்டில், தையல் இயந்திரம், மாமியார் ஆகிய மூன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“தம்பி, வீடு ஆயிடுச்சா?”

“கதவுக்கு மட்டும் இன்னும் ஒரு கோட், அக்கா,” என்றார் தலைவர் உள்ளேயிருந்து.

“நேத்தும் கதவுன்னுதானே சொன்னீங்க?”

“நேத்து வெளிப்பக்கம்.”

“மழை வர்ற மாதிரி இருக்கே.”

“அப்ப காய நேரமாகும்.”

கட்டில்மேல் வீற்றிருந்த மாமியார், “இவங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்களா, பெயிண்ட்டாலேயே வீடு கட்டுறாங்களா?” என்று பொதுவாக வானத்தைக் கேட்டார்.

தொண்டர்கள் உள்ளேயிருந்து கதவைச் சாத்தி, நிலையிலும் இடுக்கிலும் ஊசிமுனை இடம் விடாமல் பூசி, காயும்வரை எதிரே நின்று ரசித்தார்கள். பிறகு இழுத்தார்கள். திறக்கவில்லை. ஜன்னல்களை முயன்றார்கள். அவற்றின் கதை முன்பே முடிந்திருந்தது. வெளியே தூறல் விழத் தொடங்கியது.

“அக்கா,” என்றது கதவு, மிகவும் பணிவாக. “கொஞ்சம் தள்ளி விடுறீங்களா?”

தையற்காரம்மா பெட்டியிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். “இடுக்கைக் கீறி விட்டுடுறேன். முதல்ல முடிஞ்சதுன்னு சொல்லுங்க.”

உள்ளே தலைவர் கதவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“மேல் மூலையில மட்டும் ஒரு திட்டு…”

“அப்ப அங்கேயே இருங்க.”

“அடேய், சொல்லித் தொலைடா,” என்று மற்ற தொண்டர்களின் குரல் கேட்டது.

“முடிஞ்சது,” என்றார் தலைவர், பல்லைப் பிடுங்கக் கொடுப்பவரைப் போல.

கதவு திறந்தது. கட்டிலும் இயந்திரமும் உள்ளே போயின; மாமியார் நடந்தே போனார். கத்தரிக்கோல் விட்ட கீறலைக் கண்டதும் தலைவரின் கை தானாக வாளியை நோக்கி நீண்டது. தையற்காரம்மா பிரஷை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இது இருக்கட்டும் தம்பி. மெஷின்ல தூசி தட்ட ஆகும்.”

மறுநாள் தலைவர் அடுத்த மனையில் கடப்பாரையைப் பிடித்தார். குழி நேர்த்தியாக வந்தது. தேவையான ஆழமும் வந்தது. இப்போது மேலிருந்து பார்த்தால் மஞ்சள் தலைக்கவசம் மட்டும் ஒரு பொட்டளவு தெரிகிறது. “இன்னும் கொஞ்சம்” என்ற குரல் மட்டும் மேலே வருகிறது.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர், எனக்குத் தெரியும். ஆனாலும் விருந்தினர் வாசலில் நிற்கையில், சுருக்கமே இல்லாத படுக்கை விரிப்பை மறுபடியும் இழுத்துவிட்டது யார்? அந்தக் குழியை மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே இன்னும் இடமிருக்கிறது.