ஆறரை மணி இரைச்சல்

மீட்டரின் முள் அன்றைக்கும் வலதுபுறக் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஞானதுரை விரல் நுனியால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ‘கர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. வாரக்கணக்காக இதே கதைதான். சாயங்காலம் ஆறரை மணிக்கு மொட்டைமாடியில் வந்து உட்காருவார். நாலைந்து அளவுகள் குறிப்பதற்குள் இரைச்சல் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

"இன்னைக்கும் வந்துட்டா?" என்று கீழேயிருந்து மனைவி தங்கபாய் கேட்டாள்.

"வந்துட்டு."

தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும் சத்தம் வந்தது. ஆராய்ச்சி ஒழுங்காக நடந்தால் அவர் சாப்பிட இறங்கி வர வெகுநேரமாகும். கெட்டுப்போனால் உடனே வந்துவிடுவார். சமீபகாலமாக அந்த வீட்டில் அவர் சூடான தோசை தவிர வேறெதையும் சாப்பிட்டதில்லை.

ஞானதுரை ராஜபாளையத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். எட்டு வருடமாகப் பகுதிநேர பிஎச்.டி. எடுத்துக்கொண்ட விஷயம் ஆன்டெனா. தூரத்துச் சிக்னலை நன்றாகப் பிடிக்கும் ஆன்டெனா ஏதாவது ஒரு சேனலுக்குத்தான் சரிப்படும். எல்லாச் சேனலுக்கும் சரிப்படுகிற ஆன்டெனாவுக்குத் தூரத்தில் இருப்பது எட்டாது. இரண்டையும் ஒரே ஆன்டெனாவில் செய்து காட்டுவேன் என்பது ஞானதுரையின் பிடிவாதம். நீண்ட குழாயின் இருபுறமும் அலுமினியக் கம்பிகளை வரிசையாகக் குறைத்துக்கொண்டே போய்ப் பொருத்துவார். பார்ப்பதற்குப் பெரிய மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். ஒரு மீன் தோற்றதும் அடுத்த மீனைச் செய்வார். தோற்ற மீன்களின் முட்களில்தான் தங்கபாய் துணி காயப்போட்டு வந்தாள்.

கடைசியாகச் செய்தது வேலை செய்யும் என்று கணக்கு சொன்னது. கணக்கு சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும் என்றார் மதுரையிலிருந்த கைடு. அவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவரை விட்டால் ஞானதுரையை ஏற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகத்தில் ஆள் இல்லை. இதற்கிடையில் ஞானதுரையிடம் படித்தவர் ஒருவரே வேறெங்கோ டாக்டர் பட்டம் வாங்கி வந்து, அவருக்குத் துறைத்தலைவராக உட்கார்ந்துவிட்டார். ஞானதுரைக்கு லீவு வேண்டுமென்றால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு முனையிலிருந்து சிக்னல் அனுப்ப வேண்டும். அந்த முனை ஸ்ரீவில்லிபுத்தூரில், மாமனார் ரத்தினத்தின் வீட்டு மாடியில் இருந்தது. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஞானதுரை தன் கையால் செய்த சிக்னல் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. ரேடியோவில் ஆறரை மணிச் செய்தி தொடங்கியதும் ரத்தினம் அதைப் போடுவார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கோட்டுக்கு ஒரு சேனலாகக் குமிழைத் திருப்புவார். ஒரு நாளும் தவறியதில்லை. மாப்பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறார் என்று சொந்தக்காரர்களிடம் கல்யாணத்தன்று சொன்னது, இன்னும் அவர் தலைமேல் இருந்தது.

முதலில் ஞானதுரை சந்தேகப்பட்டது பக்கத்துத் தறிக்கூடத்தை. குருசாமி என்பவர் அங்கே பேண்டேஜ் துணிக்கான தறிகள் வைத்திருந்தார். மோட்டார்களில் தெறிக்கும் பொறி மீட்டரைக் கெடுக்கலாம். தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார். சாயங்காலம் கொஞ்ச நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டார்.

"அதுக்கென்ன சார், செத்த நேரந்தான? பிள்ளைகளும் டீ குடிக்கட்டும்" என்றார் குருசாமி.

அன்று ஆறரைக்குத் தறிகள் நின்றன. தெருவே நிசப்தமாயிற்று. அந்த நிசப்தத்தில் ஹெட்போன் இரைச்சல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. தறியாட்கள் டீ கிளாசோடு அடுத்த மாடியில் வரிசையாக நின்று அவரைப் பார்த்தார்கள். அவர் தலையில் கைவைத்தபோது அவர்களும் ‘ச்சு’ கொட்டினார்கள். மறுநாள், தறியை நிறுத்த வேண்டாம், காரணம் அதுவல்ல என்று ஞானதுரை போய்ச் சொன்னார். குருசாமி கேட்கவில்லை. ஒரு படிப்புக் காரியத்துக்குத் தன் தறி நிற்கிறது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. முடியும்வரை நிறுத்தியே தீருவேன் என்றுவிட்டார். அதன்பிறகு தினமும் தோற்பதற்கு ஞானதுரைக்குப் பார்வையாளர்களும் இருந்தார்கள்.

அடுத்ததாக நேரத்தை மாற்றிப் பார்த்தார். ஒரு திங்கட்கிழமையிலிருந்து காலை ஆறு மணி என்று மாமனாருக்குச் சொல்லியனுப்பினார். திங்கட்கிழமை காலை, மலைப்பக்கமிருந்து நல்ல காற்று வந்தது, ஊரில் ஒரு மோட்டார் ஓடவில்லை. முள் சாதுவாக எழுந்து, கணக்கு சொன்ன இடத்துக்குப் போயிற்று. ஞானதுரை பென்சிலை எடுத்தார். ‘கர்ர்ர்.’

நேரம் மாறியது இயந்திரத்துக்குத் தெரியாது. இது மனுஷன் வேலை.

யார் என்று யோசித்தபோது துறைத்தலைவர் நினைவுக்கு வந்தார். அன்றைக்கென்று அவரும் வராந்தாவில் எதிர்ப்பட்டு, அளவெல்லாம் எடுத்து முடித்தாயிற்றா என்று அக்கறையாகக் கேட்டார். ஞானதுரைக்கு அந்த அக்கறையில் விஷம் தெரிந்தது. அதிலிருந்து அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார். துறைத்தலைவர் பெருந்தன்மையாக இருந்துவிட்டு, அடுத்த வாரக் கால அட்டவணையில் ஞானதுரைக்கு எல்லா நாளும் காலை முதல் வகுப்பைப் போட்டார். விடிந்ததும் மாடியில் உட்கார்ந்தால் வகுப்புக்குப் போய்ச் சேர முடியாது. சோதனை மறுபடியும் சாயங்காலத்துக்கு வந்தது. ஒரே வாரத்தில் இரைச்சலும் சாயங்காலத்துக்கு வந்துவிட்டது.

அதை நிறுத்த முடியாவிட்டால் அதைவிடச் சத்தமாகப் பேசுவது என்று முடிவு செய்தார். மதுரைக்குப் போய்ப் பெரிய டிரான்சிஸ்டர் வாங்கி வந்து மாமனார் வீட்டுச் சிக்னல் பெட்டியில் பொருத்தினார். சோதனைக்காகக் கல்லூரி வாங்கித் தந்திருந்த அனுமதியில் இவ்வளவு சக்திக்கு இடமில்லை என்பது ஞாபகம் வந்தது. ஞாபகத்தை ஒதுக்கி வைத்தார். அன்றைக்கு முள் அழகாக ஏறியது. அடுத்த மாடியில் தறியாட்கள்கூட டீயைக் குடிக்காமல் நின்றார்கள். இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் இரைச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அவர் இன்னும் சக்தியைக் கூட்டினார். இரைச்சலும் கூடியது. கடைசி மீனைப் போலவே இன்னொன்று செய்து பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டுபோய், மாமனார் மாடியில் ராஜபாளையத்தைப் பார்த்துக் கட்டினார். மாமனார் தெருவில் அத்தனை டி.வி.யிலும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் நடுவே வரிவரியாகக் கோடு ஓடியது. இங்கே மீட்டரின் முள்ளோ கடைசியில் மோதி வளைந்தே போயிற்று. தங்கபாய் சபைப் போதகரை அழைத்து வந்தாள். அவர் மாடியேறி ஆன்டெனாவின்மேல் கைவைத்து உருக்கமாக ஜெபித்தார். ‘ஆமென்’ என்பதற்கும் இரைச்சல் வருவதற்கும் சரியாக இருந்தது.

இருந்த தாள்களை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்க் கைடைப் பார்த்தார். அவர் வரைபடத்தைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார்.

"இது ஆன்டெனாவா, பூகம்பமா?" என்று கேட்டார். மாதக் கடைசிக்குள் சுத்தமான அளவுகளோடு வந்தால் கையெழுத்துப் போடுவதாகவும், இல்லையென்றால் இத்தோடு விட்டுவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது என்றும் தணிந்த குரலில் சொன்னார். திட்டியிருந்தால்கூட ஞானதுரைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, எவனோ ஒருத்தன் உங்க படிப்பக் கெடுக்கணும்னே உக்காந்திருக்கான்" என்றார். "நாம போற எடமெல்லாம் வாரான்னா, வேற என்ன அர்த்தம்?"

"அதுக்கு என்ன மாமா செய்ய முடியும்?"

"போலீஸ் எதுக்கு இருக்கு?"

ஞானதுரை பதறினார். பெட்டியில் போட்டிருந்த டிரான்சிஸ்டர் அவர் கண்முன் வந்து நின்றது. போலீஸ் வேண்டாம், இது விஞ்ஞான விஷயம், அவர்களுக்குப் புரியாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ரத்தினம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வரும் வழியில் ஸ்டேஷனில் இறங்கிச் சொல்லிவிட்டுத்தான் வருவதாகப் பிறகு தெரிவித்தார். மாப்பிள்ளை எப்பேர்ப்பட்ட ஆள் என்பதையும் எடுத்துச் சொன்னாராம். எழுந்து நின்று கேட்டார்களாம்.

மாமனார் போன பிறகு ஞானதுரை மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கபாய் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"விட்டுருவோம் தங்கம்" என்றார். "என்னால ஆகாது. எட்டு வருஷமா கம்பிய வளைச்சதுதான் மிச்சம்."



"நீங்க டாக்டர் ஆவலேன்னு எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. தோத்துட்டு எறங்கி வருவீயள்ல, அந்த மொகத்தத்தான் தெனமும் பாக்க முடியல" என்றாள். "இன்னும் ஒரு வாரம் பாருங்க. பொறவு நானே ஆள வச்சு அதக் கழட்டிப் போடுதேன்."

அந்த ஒரு வாரமும் பார்த்தார். அந்த வாரம் இரைச்சல் முள்ளை விட்டு இறங்கவே இல்லை. சனிக்கிழமை இரவு, ஆன்டெனாவை எடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கினார். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பியபோது வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். ஒல்லியான ஆள். கண்ணெல்லாம் சிவந்து, தூக்கத்தைக் கண்டு பலநாள் ஆனவர்போல் இருந்தார். பெயர் பால்சாமி, வயர்லெஸ் பிரிவு ஏட்டு என்று சொல்லி, ஞானதுரைக்கு ஒரு சல்யூட்டும் வைத்தார். மாமனார் கொடுத்த புகாரில் அலைவரிசை என்று ஏதோ வந்ததால் ஸ்டேஷனில் அதைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார்.

ஞானதுரை, பெட்டியைப் பற்றியும் டிரான்சிஸ்டரைப் பற்றியும் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடியே உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். ஆனால் பால்சாமி அதையெல்லாம் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரைச்சல் எப்படி வரும் என்று மட்டும் கேட்டார். ஞானதுரை சொல்லத் தொடங்கினார். முதலில் தயங்கித்தான் சொன்னார். எதிரில் இருந்தவரோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, தன் வீட்டுத் துக்கத்தைக் கேட்பதுபோல் கேட்டார். இத்தனை மாதத்தில் யாருமே அவர் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

"சாயங்காலம் ஆறரைக்குத்தான சார் ஆரம்பிப்பான்?" என்றார் பால்சாமி.

"ஆமா."

"நடுவுல ஒரு திங்கக்கிழமயிலேருந்து காலைல வந்தானா?"

"ஆமா, ஆறு மணிக்கு."

"பொறவு திரும்பச் சாயங்காலத்துக்கே வந்துட்டான். நாம கூட்டக் கூட்ட அவனும் கூட்டுதான்."

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பால்சாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் களைத்த முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

"அப்போ ஒரே ஆளுதான் சார், எங்க வயர்லெஸ்லயும் அந்தப் பயதான் விசிலடிக்கான், அவன்ட்டருந்து தப்பிக்கணும்னு சாயங்கால ரிப்போர்ட்டக் காலைல மாத்துனோம், அங்கயும் வந்தான், பவரக் கூட்டிப் பேசுனோம், அவனும் கூட்டுனான், எந்தச் சேனலுக்குப் போனாலும் பின்னாலயே வாரான், சேத்தூர் தாண்டியும் அவன் சத்தந்தான் கேக்கு, ஆன்டெனாவுல ஒங்களுக்கு மிஞ்சி ஆளில்லன்னு உங்க மாமனார் சொன்னாவ, அவன் எந்த வீட்டு மாடியில இருக்கான்னு காட்டுத மாதிரி ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."