அப்பாவின் படம் காயவில்லை

எனக்கு வரையத் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசல் பந்தலில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் உரிந்தது. உரிந்தது என்பதை உவமையாகச் சொல்லவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் தில்லை நகரில் ஓர் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். (மனைவி யோகா வகுப்பில் சேரச் சொன்னாள். கேட்டிருக்கலாம்.) என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான டீச்சர், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய மேதை வரைந்த ஒரு வியாபாரியின் படத்தைக் கொடுத்து, “இதை அப்படியே ஆயில் பெயின்ட்ல காப்பி பண்ணுங்க சார். ஒரு பூச்சு காஞ்சப்புறம்தான் அடுத்தது. அவசரப்படாதீங்க” என்றார். வீட்டு ஹாலில் ஸ்டாண்டைப் போட்டு, எட்டு மாதம் அந்த வியாபாரியோடு குடும்பம் நடத்தினேன்.

அப்பா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்குப் பின்னால் சேரைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், “என்னையும் ஒண்ணு போடேன்டா. சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்” என்றார்.

“முதல்ல பெரிய ஆளுங்களைக் காப்பி பண்ணணும்ப்பா. அப்புறம்தான் நேர்ல.”

“சரி, அவரு முடியட்டும்.”

அவர் முடிவதற்குள், ஒரு காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்த அப்பா எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் படத்திறப்பு. “ஸ்டூடியோல குடுத்து போட்டோவைப் பெரிசு பண்ணிடலாம்டா” என்றாள் அக்கா. நானே வரைவதாகச் சொன்னது என் வாய்தான். “அவன் போடட்டும். அவருக்கு ஆசை” என்றாள் அம்மா.

உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இத்தாலிக்காரரின் கண்ணுக்குக் கீழே எத்தனை சுருக்கம் என்று தூக்கத்திலும் சொல்வேன். அப்பாவின் மச்சம் எந்தக் கன்னத்தில் என்பதை போட்டோவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எட்டு மாதமும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகையும் அவசரமுமாக, வர்ணத்தைக் கெட்டியாக அப்பி, பதினைந்தாம் நாள் சாயங்காலம் முடித்தேன். மூக்கு மட்டும் கொஞ்சம் இத்தாலிக்குப் போயிருந்தது. ஃபேனுக்கு நேரே வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். (எண்ணெய் வர்ணம் ஒன்றும் ஈர வேட்டி இல்லை.)

மறுநாள் அப்பாவின் யூனியன் நண்பர் ஒருவர் அரை மணி நேரம் பேசிவிட்டு, படத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியை இழுத்தார். வரவில்லை. எங்கோ முடிச்சு இருக்கிறது என்று நினைத்து பலமாக இழுத்தார். வந்தது, அப்பாவின் நெற்றியோடும் ஒரு கன்னத்தோடும்.

என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கப்படி எல்லோரும் வரிசையாக வந்து மலர் தூவினார்கள். இதழ்கள் கீழே விழாமல் முகத்திலேயே ஒட்டிக்கொண்டன. பத்துப் பேர் வந்து போவதற்குள் அப்பா முழுக்க ரோஜாவும் சாமந்தியும் ஆகிவிட்டார். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பந்தலுக்குப் பின்னால் போய், சமையல்காரர்கள் பார்க்கப் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதேன்.

ஹாலில் இப்போது ஸ்டூடியோ போட்டோதான் இருக்கிறது. வீட்டில் யார் எதற்கு அவசரப்பட்டாலும் அக்கா என்னைப் பார்த்து, “தம்பி, காஞ்சிடுச்சா?” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். இத்தாலிக்காரரை நான் முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை எதிரே உட்கார வைத்து வரைகிறேன். போன வாரம் கேட்டாள்:

“முழுசாக் காய எவ்வளவு நாளாகும்டா?”

“ஆறு மாசமாவது ஆகும்மா.”

“சரி, அதுவரைக்கும் இருக்கேன். நீ நிதானமாப் போடு.”