முத்திரை விழுந்தால் ஊர் முடிந்தது

ஊர் சுற்றுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. அவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை, முடிக்கிறார்கள். "பினாங்கு முடிச்சாச்சு, ஈப்போ முடிச்சாச்சு" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்தவர்போலச் சொல்வார்கள். சாதாரண நாளில் இவர்களை அடையாளம் காண்பது கடினம். நம்மைப் போலவே சட்டை போட்டு, நம்மைப் போலவே தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பார்கள். கையில் ஒரு ரயில் பாஸைக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

ஸ்கூடாயில் இருக்கும் லியாக்கத் அலியை எடுத்துக்கொள்வோம். பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் முப்பத்தோரு வருடம் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லாம் பஞ்ச் கார்டுதான். கார்டில் முத்திரை விழுந்துவிட்டால் ஆள் வந்துவிட்டான். விழாவிட்டால், எதிரே நின்று சலாம் சொன்னாலும் வரவில்லை. பிற்பாடு கார்டு போய்க் கட்டைவிரல் இயந்திரம் வந்தது. லியாக்கத் அலியின் மனசிலிருந்து மட்டும் அந்தப் பழைய கார்டு போகவே இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற கையோடு, மனைவி ஹபீபாவை அழைத்துக்கொண்டு, ஆளுக்கொரு முதுகுப்பையோடு ஜப்பானின் வடக்கு ஊர்களுக்குக் கிளம்பினார். ஆறு நாள் பாஸ். அந்தப் பக்கத்து ரயில்களில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். விற்றவர்கள் இதைச் சலுகையாகத்தான் சொன்னார்கள். அவர் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

ஹபீபாவுக்கு இருந்தது ஒரே ஆசை. பனியில் நடக்க வேண்டும். ஐம்பத்தாறு வயதுவரை அவர் கையால் தொட்ட பனியெல்லாம் குளிர்பெட்டியில் உறைந்து, கத்தியால் சுரண்டி எடுத்ததுதான். இதற்கென்றே பழைய துணிமணி விற்கும் பண்டல் கடையில் ஒரு ஜோடி உயரமான பூட்ஸ் வாங்கி, இடத்தை வீணாக்காமல் அதற்குள் மிளகாய்ச் சம்பால் போத்தல்களை நுழைத்துப் பையில் வைத்திருந்தார்.

"பனியில நடக்க விடுவீங்கல்ல?" என்று விமான நிலையத்திலேயே கேட்டார்.

"பனியும் லிஸ்ட்ல இருக்கு லா. நீ கவலப்படாத."

வம்பு சென்டாயில் ஆரம்பித்தது. அந்த நாட்டு ரயில் நிலையங்களில் ஒரு மேசைமேல் ரப்பர் முத்திரை வைத்திருப்பார்கள். ஊரின் கோட்டையோ மலையோ அதில் செதுக்கியிருக்கும். வருகிறவர்கள் மையில் தோய்த்து, நினைவுக்காக ஒரு புத்தகத்தில் குத்திக்கொள்ளலாம். லியாக்கத் அலி அதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது என்றே சொல்லலாம். ஊருக்கு ஊர் அவருக்காகப் பஞ்ச் கார்டு வைத்துக் காத்திருக்கிறார்கள்!

அப்புறம் கேட்க வேண்டுமா? ரயில் நிற்கும் முன்பே கதவருகே போய் நின்று, நின்றதும் இறங்கி, படியேறி, படியிறங்கி, கண்ணில் பட்ட சீருடைக்காரரிடமெல்லாம் உள்ளங்கையில் முஷ்டியால் குத்திக் காட்டி "ஸ்டாம்ப்? ஸ்டாம்ப்?" என்று கேட்டு, அவர்கள் குனிந்து வணங்கி வழிகாட்ட, இவரும் பதிலுக்குக் குனிந்து, குனிந்ததில் போன விநாடிகளை ஓட்டத்தில் ஈடுகட்டி, முத்திரையைக் குத்தி, மை காய ஊதிக்கொண்டே திரும்பி, அடுத்த ரயிலில் மூச்சிரைக்க உட்கார்ந்து, "சென்டாய் முடிஞ்சது" என்றார். மொரியோக்கா முடிந்தது. ஆவோமோரி முடிந்தது. கோட்டை? முத்திரையில் இருக்கிறதே! ஆவோமோரியின் பேர்போன ஆப்பிள்? அதுவும் இருக்கிறது, சிவப்பு மையில். ஹபீபா பனியைக் கண்ணாடி வழியாக, மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளையாக இருந்தது என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

"எப்பங்க இறங்குவோம்?"

"இப்பத்தானே இறங்கினோம்."

"ஸ்டேஷன்ல இறங்கினதச் சொல்லல."

"சப்போரோவுல பாத்துக்கலாம். அங்கதான் பனி நெறைய."

நான்காம் நாள் ஹக்கோடாத்தே. சப்போரோ ரயிலுக்குப் பதினாறு நிமிடம் இருந்தது. பைகளையும், கையால் எழுதிய அட்டவணைத் தாளையும் பெஞ்சில் இருந்த ஹபீபாவிடம் ஒப்படைத்துவிட்டு, முத்திரை தேடி ஓடினார் லியாக்கத் அலி. ஹபீபா தாளைப் பிரித்துப் பார்த்தார். 'சப்போரோ, பதினொரு நிமிடம்' என்று எழுதி, அதற்குக் கீழே திரும்பி வரும் ரயிலின் நேரம் போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

ஹபீபாவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, சம்பால் போத்தல்களை வெளியே எடுத்துப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். பூட்ஸை மாட்டினார்.

மை ஊதிக்கொண்டு திரும்பிய லியாக்கத் அலியை வரவேற்றவை: இரண்டு பைகள், மூன்று போத்தல்கள், ஒரு ஜோடி செருப்பு. ஆள் இல்லை. ரயிலுக்கு ஐந்து நிமிடம். "அலமாக்!" என்று இரண்டு பைகளையும் முன்னும் பின்னும் மாட்டி, போத்தல்களையும் செருப்பையும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்.

நிலையத்துக்கு எதிரே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முக்காடெல்லாம் வெள்ளையாக, தனியாகச் சிரித்தபடி, அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார் ஹபீபா.

"ஹபீபா! ட்ரெயின் போயிரும்!"

"போகட்டும். பின்னாடியே இன்னொண்ணு வரும்ல? எப்ப வேணாலும் ஏறலாம்னுதானே பாஸ் எடுத்தீங்க?"

பாஸுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருப்பதை அவர் யோசித்ததே இல்லை. யோசித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. செய்வதறியாமல் ஒரு காலைப் பனியில் வைத்தார். எடுத்தார்.

"சரி, பனி முடிஞ்சது. வா போலாம்."

ஹபீபா நின்றார். "முப்பத்தோரு வருஷம் பஞ்ச் பண்ணீங்க. பண்ணிட்டு வேலையும் பாத்தீங்கல்ல? இங்க பஞ்ச் மட்டும் பண்ணிட்டு ஓடுறீங்க. உங்க ஷிப்ட்ல ஒருத்தன் அப்படிச் செஞ்சா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்கமாட்டார். அப்படி ஓடியவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததே அவர்தான். ஹபீபாவின் பின்னால் நடந்தார். நான்காவது அடியில் வழுக்கி, இரண்டு பைகளோடும் மல்லாந்து விழுந்தார். எழ முடியவில்லை. ஒரு போத்தல் உடைந்து சம்பால் பனியில் சிவப்பாகப் பரவியது. இரத்தம் என்று பதறி ஓடிவந்த இரண்டு ஜப்பானியப் பெண்களுக்கு, சிரிப்பை அடக்க முடியாத ஹபீபா, விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டி விளக்க, அவர்கள் இன்னும் பதறினார்கள்.

போன வாரம் குளுவாங்கில், ஹபீபாவின் தங்கை பஸீலா வீட்டில் விருந்து. லியாக்கத் அலி முத்திரைப் புத்தகத்தை விரித்தார்.

"இது என்ன எடம், மச்சான்?" என்றார் பஸீலா.

"மலை."

"என்ன மலை?"

"அந்த ஊர் மலை."

மூன்றாவது பக்கத்தில் பஸீலாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அப்போது ஹபீபா, "ஹக்கோடாத்தேயில என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். வீடே அவர் பக்கம் திரும்பியது. லியாக்கத் அலி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தச் சம்பால் போத்தல விட்டுட்டியே. அதச் சொல்லு."

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் இந்தக் கதையைப் படிக்கத் தொடங்கும் முன் எவ்வளவு நீளம் என்று கடைசிவரை கண்ணை ஓட்டிப் பார்த்தது யார்? இப்போது 'இது முடிஞ்சது' என்று அடுத்த பக்கத்துக்கு விரலை நீட்டுவது யார்? புரட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், உங்களை நம்பிப் பைகளோடு உட்கார்ந்திருக்கிறவர் இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.