கூரையில முளைச்ச நாத்து

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க கீத்துக் கூரைக்கு மண்ணு பூசணும்.

எழுபத்தெட்டோ எழுபத்தொம்போதோ வருஷம், நல்ல சித்திரை வெயில். நெல்லித்தோப்புல எங்களுக்குப் பின்தெருவுல மூணு கூரை வீடு எரிஞ்சு சாம்பலாயிடுச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஒரு பொறி பறந்து வந்து எங்க கூரையோரம் விழுந்ததை நானே கண்ணால பாத்தேன். அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

எதிர்வீட்டுல ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்குறவர்.

"களிமண்ணுல வைக்கோலைப் போட்டுக் கொழைச்சு, கூரை மேல பூசிடும்மா. பொறி விழுந்தாலும் பத்திக்காது"ன்னார்.

பீரங்கியையே பாத்தவராச்சே! அப்படியே நம்பிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் மில்லுக்குக் கிளம்பறப்பவே சொன்னார். "மேஸ்திரியைக் கூட்டியாறேன். நீ ஏணியில ஏறாத."

"எனக்குத் தெரியாத மண்ணா?"ன்னு கேட்டுட்டு, அவர் தெருமுனை திரும்புனதும் மண்ணுல இறங்கிட்டேன்.

மிதிச்சேன், கொழைச்சேன், ஏணியில ஏறிப் பூசினேன். பொழுது சாயறதுக்குள்ள கூரை யானை முதுகு மாதிரி ஆயிடுச்சு! தெருவுல ஒருத்தரை விடல. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ரெண்டாம் நாள் கோடைமழை. மண்ணு கரையல! எனக்குப் பெருமை தாங்கல.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி வந்தா.

"ஏன்க்கா, நடவு எப்போ?"

"என்ன நடவு?"

"கூரையில நாத்து விட்டிருக்கீங்களே!"

ஓடிப்போய்ப் பாத்தேன். பச்சைப்பசேல்னு நெல்லு முளைச்சிருக்கு! சரியா அடிக்காம, நெல்லோட இருந்த வைக்கோலை என் தலையில கட்டியிருக்காங்க.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் அண்ணாந்து பாத்தார். "கிணறு வெட்டணுமா?"ன்னு மட்டும் கேட்டார்.

காலையில புடுங்கிடலாம்னு இருந்தேன்.

அதுக்குள்ள அஞ்சலாட்சியோட ஆட்டுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு.

மறுநாள் நான் உள்ள ஸ்டவ்வுல மீன் கொழம்பு வெச்சுக்கிட்டிருக்கேன். மேல தடதடன்னு சத்தம். குட்டைச்சுவர் வழியா ஏறியிருக்கு! "சூ! சூ!"ன்னு உள்ள இருந்தே கத்தினேன். ஆடு மிரண்டு துள்ளிச்சு. பழைய கீத்து, மேல அவ்வளவு மண்ணு பாரம். படார்!

மொதல்ல ரெண்டு கூடை மண்ணு விழுந்துச்சு. கொழம்பை மூடிடுச்சு, ஸ்டவ் அணைஞ்சுபோச்சு. அப்புறம் பாத்தா, ரெண்டு ஆட்டுக்கால் என் தலைக்கு மேல ஒதைச்சுக்கிட்டு நிக்குது!

வெளியில அஞ்சலாட்சி அலறுறா. "ஐயோ, என் ஆட்டை என்னக்கா பண்ணீங்க?"

"நான் என்னடி பண்ணேன்? சீக்கிரம் ஏறி அதைத் தூக்கு!"

அவளும் சொல்தாவும் ஏணி போட்டு ஏறி இழுத்தாங்க. ஆட்டுக்கு ஒரு கீறல் இல்ல. சாவகாசமா மென்னுக்கிட்டே இறங்குச்சு.

சொல்தா ஓட்டை வழியா எட்டிப் பாத்தார். "பாத்தியாம்மா? மண்ணு விழுந்ததும் நெருப்பு டக்குனு அணைஞ்சுடுச்சு!"

எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல.

பொறவு மூங்கிலெல்லாம் மாத்தி, மேஸ்திரியை வெச்சே பூசினோம். அந்த வீட்டுல இருந்தவரைக்கும் ஒரு பொறியும் எங்களை ஒண்ணும் பண்ணல.

கூரைக்கு மண்ணு பூசப்போறவங்களுக்கு என் அனுபவத்துல சொல்றேன்: வைக்கோலை நல்லா உதறிட்டுப் போடுங்க.